மண்சுவரும் ஆண்டுக் கூலியும்

மண் வீட்டைப் புகழ்வது கட்டடக் கலைஞர்களிடையே இப்போது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 1964இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பெர்னார்ட் ருடோஃப்ஸ்கி நடத்திய கண்காட்சி, பள்ளி சென்று பயிலாத கைகள் கட்டிய வீடுகளை மேலை உலகம் மரியாதையோடு பார்க்க வழி செய்தது. ஆனால் அங்கே தொங்கியவை புகைப்படங்கள். சுவரைக் காட்டும் படம், அதை ஆண்டுதோறும் பூசுகிற உழைப்பைக் காட்டுவதில்லை. இன்றைய புகழுரைகளிலும் அதே விடுபடல்தான். மண் வீட்டின் பலத்தில் பெரும்பங்கு அதைப் பேணிவரும் ஊர் ஏற்பாட்டுக்கு உரியது. அந்த ஏற்பாடு தளர்ந்தால் வீடும் தளரும்.

மாலி நாட்டு ஜென்னே நகரின் பெரிய மசூதி இதற்கு நல்ல சான்று. 1907இல் இன்றைய வடிவில் எழுந்த அது, வெயிலில் காயவைத்த மண்கல்லால் ஆனது. மேலே சேறும் உமியும் சேர்த்துப் புளிக்கவைத்த சாந்து. மழை பூச்சை அரிக்கும், ஊர் கூடி மீண்டும் பூசும். சுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பனங்கட்டைகளை (நம் பனைக்கு உறவான ஆப்பிரிக்கப் பனை) அலங்காரம் என்று மட்டும் நினைத்தால் பாதியைத் தவறவிடுகிறோம். பூசுகிறவர்கள் ஏறி நிற்கும் சாரமும் அவைதான். கட்டும்போதே பழுதுபார்ப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். வீடுகளுக்கும் இப்படியே: கொத்தனார்களுக்குச் சங்கம் உண்டு, ஒரு குடும்பத்தின் வீட்டை ஒரே கொத்தனார் மரபு தலைமுறைகளாகக் கவனிக்கும். தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல வாங்கி இரவில் விடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அது இரவில் நன்றாகக் குளிரும் வறண்ட நிலத்துக்குரிய நன்மை. இரவும் புழுங்கும் கடற்கரையில் அதே சுவர் பெரிதாக உதவாது.

குறைகளில் முதன்மையானது நிலநடுக்கம். 2003 டிசம்பர் 26 அதிகாலை ஈரானின் பாம் நகரில் 25,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். வலுவூட்டாத மண்கல் சுவர்கள் கனத்த கூரையோடு சரிந்து தூளாகி, சிக்கியவர்களுக்கு மூச்சுவிடக்கூட இடைவெளி தரவில்லை. கான்கிரீட்டும் கொல்லும் என்று எதிர்வாதம் எழும். நியாயமானதே, 2001 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தின் அடுக்குமாடிகள் சரிந்தன, கட்ச்சின் வட்டமான ‘பூங்கோ’ மண்வீடுகள் பல நின்றன. ஆனால் பூங்கோவைக் காப்பாற்றியது மண் அல்ல. பிளந்துபோக மூலையில்லாத வட்டச் சுவரும், புல் வேய்ந்த இலேசான கூரையுமே. மண்ணுக்கு ஆதரவாகப் பேசுவோர் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் பரிவும் தவறும். எகிப்தில் பழைய குர்னா ஊராரைக் குடியேற்றக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1945 முதல் கட்டிய புதிய குர்னா கிராமம், நூபிய முறையில் மரச்சாரமின்றி எழுப்பிய கவிகைகளால் உலகப் புகழ் பெற்றது. ஆனால் பழைய குர்னாவாசிகளில் பெரும்பாலோர் குடிபெயர மறுத்தார்கள். பண்டைய கல்லறைகளையொட்டி அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. குவிமாடமோ அவர்கள் கண்ணுக்குச் சமாதியை நினைவூட்டியது. வடிவம் மரபாக இருந்தால் போதும், மக்கள் வந்துவிடுவார்கள் என்று ஃபாத்தி நம்பியது மிகை.

ஜென்னே 1988இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பழைய தோற்றம் மாறாதிருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. அங்கே சிலர் ஆண்டுச் செலவைத் தவிர்க்கச் சுவரில் சுட்ட ஓடு பதிக்கிறார்கள். அதை ரசனைக்கேடு என்று இகழ்வது எளிது. பூச்சுக் கூலி கொடுப்பவர் இகழ்பவர் அல்லவே! சிமென்ட் பூச்சு இதற்கு விடையாகாது. வெடிப்பு வழியே புகும் நீர் வெளியேற முடியாமல் மண்ணை உள்ளேயே இளக்கும். ஆரோவில்லில் செய்வதுபோல் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கல், கல் அடித்தளம், அகன்ற இறவாரம் ஆகியவை பராமரிப்பைக் குறைக்கும், நீக்கா. பழைய தோற்றத்தைக் கேட்கிற அமைப்புகள் அந்த மிச்சக் கூலியில் பங்கேற்பதுதான் முறை.