கிராவல் பாதையில் மூன்று சட்டங்கள்

விருத்தாசலத்துக்கு மேற்கே, நல்லூர் ஒன்றியத்தில், ஊர் முடிந்த பிறகும் வீடுகள் முடிவதில்லை. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கொல்லைகளுக்கு நடுவே காட்டுக்கொட்டாய்கள். அவற்றுக்குப் போகும் வழி பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் ஓரமாக, கிராவல் கொட்டி, நான்கைந்து குடும்பங்கள் புழங்கும் வண்டிப்பாதை. ஐப்பசி மழையில் அது சேறாகும்போது இரண்டு சச்சரவுகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. கிராவல் அடிக்க யார் பணம் தருவது என்பது ஒன்று. தபால் ஏன் வீடுவரை வரவில்லை என்பது மற்றொன்று.

இவற்றை அக்கம்பக்கத்துப் பகையாக மட்டும் பார்ப்பது தவறான மதிப்பீடு. சண்டையிடுவோரின் குணத்தைவிட, அவர்கள் நம்பி நிற்கும் சட்டங்களின் தரமே ஆராயத்தக்கது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், அஞ்சல் சட்டம், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஆகிய மூன்றும் அந்த ஒரே பாதையில் சந்திக்கின்றன. மூன்றுக்கும் ஒரே அளவுகோலை வைப்போம். உரிமையையோ கடமையையோ அறிவிக்கும் சட்டம், அது நிறைவேறும் முறையையும், நிறைவேறாதபோது பொறுப்பேற்க வேண்டியவரையும் சேர்த்துச் சொல்கிறதா?

வசதியுரிமைச் சட்டத்தின் முதல் பாதி உயர்ந்த தரமுடையது. பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ ஒரு நிலம் வழியின்றி அடைபட்டால், அவசியத்தால் பிறக்கும் வழியுரிமையை 13ஆம் பிரிவு காக்கிறது. இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, அமைதியாக, தடையின்றி, உரிமையோடு நடந்த வழியை 15ஆம் பிரிவு நிலைநிறுத்துகிறது. ஒருவகை வழியுரிமை மற்றொருவகை வழியுரிமையை உள்ளடக்காது என்கிறது 28ஆம் பிரிவு. நடந்துபோகும் பாத்தியம் வண்டி ஓட்டும் பாத்தியம் ஆகாது. பத்திரங்களில் ‘நடைபாதை, வண்டிப்பாதை பாத்தியம்’ என்று இரண்டையும் எழுதிவைக்கும் வழக்கம் இந்தத் துல்லியத்தை மதித்தே வந்தது.

பராமரிப்புக்கு வரும்போது அதே துல்லியம் பாதியில் நிற்கிறது. பழுது பார்க்கும் துணை உரிமையை 24ஆம் பிரிவு தருகிறது. செலவு வழியைப் பயன்படுத்துபவருடையது என்கிறது 25ஆம் பிரிவு. நிலத்தை விட்டுக்கொடுத்தவர் எதையும் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது 27ஆம் பிரிவு. பயன் பெறுபவரே செலவு செய்ய வேண்டும் என்ற இந்தத் தத்துவம் நியாயமானது. பிரிவுகளும் ஒன்றோடொன்று முரணின்றி ஒத்துப்போகின்றன. ஆனால் இச்சட்டத்தின் மனத்தில் இருப்பது ஒரே ஒரு பயனாளி. ஒரு பாதையை ஐந்து பேர் புழங்கினால் அவர்களுக்குள் பங்கு எப்படி என்பதற்கு விதி இல்லை. கரும்பு ஏற்றும் டிராக்டர் உள்ளவரும் சைக்கிள் மட்டும் உள்ளவரும் ஒரே பிரிவின் கீழ் நிற்கிறார்கள்.

ஒருவர் பொறுமையிழந்து தன் காசில் பத்து லோடு கிராவல் அடித்துவிட்டு மற்றவர்களிடம் பங்கு கேட்டால் என்ன ஆகும்? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு அவருக்குத் துணை வரும் என்று தோன்றும். இனாமாகச் செய்யாத ஒரு செயலின் பயனைப் பெற்றவர் ஈடு தர வேண்டும் என்பது அப்பிரிவு. ஆனால் பெறுபவருக்கு அந்தப் பயனை மறுக்கும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்று பி.கே. மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962ஆம் ஆண்டு அறிக்கைகளில் பதிவான தீர்ப்பில் விளக்கியது. தன் வீட்டுக்குப் போகும் ஒரே பாதையை ஒருவர் எப்படி மறுப்பார்? ஆகவே முன்வந்து செலவழித்தவரின் வழக்கு வலுவிழக்கிறது. ஒதுங்கி நின்றவர் பயனடைகிறார். அக்கறையைத் தண்டித்து அலட்சியத்துக்குப் பரிசளிக்கும் அமைப்பை, அதன் மற்ற நயங்களுக்காக மன்னிக்க இயலாது.

அஞ்சல் துறையை எடைபோடும்போது நடைமுறையையும் சட்டத்தையும் தனித்தனியே நோக்க வேண்டும். நடைமுறையின் சாதனை பெரிது. கிளை அஞ்சலகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, அந்த வட்டாரத்து மனிதரையே கிராமிய அஞ்சல் ஊழியராக அமர்த்தியதால், கதவு எண் இல்லாத கொட்டாய்க்கும் கடிதம் போய்ச் சேர்ந்தது. முகவரியில் விடுபட்டதை ஊழியரின் ஊரறிவு நிரப்பியது. குறையும் அங்கேயே தொடங்குகிறது. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை என்று கணக்கிடப்பட்ட அந்த ஊழியர், 1977இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுப் பதவி வகிப்பவராக ஏற்றுக்கொண்ட பிறகும், முழுநேர ஊழியருக்குரிய நிலையை அடையவில்லை. பாதை கெட்டுப்போனால் அதன் சுமையை அவர் கால்களே ஏற்கின்றன.

அமெரிக்கா 1896இல் கிராமப்புற வீட்டு விநியோகத்தைத் தொடங்கியபோது, தபால் வேண்டுமானால் பாதையைச் சீராக வைக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. உள்ளாட்சிகள் சாலைகளையும் சிறு பாலங்களையும் சீர்செய்ய அது பெரும் தூண்டுதலாயிற்று. அம்முறை கடுமையானது, வசதியற்ற பகுதிகளைக் காத்திருக்க வைத்தது. ஆனால் பாதையும் தபாலும் ஒரே பிரச்சினை என்பதை அது உணர்ந்திருந்தது. நம் முறை கருணை மிக்கது, நிபந்தனை வைத்து எவரையும் காத்திருக்க வைக்கவில்லை; ஆயினும் இரண்டையும் இணைத்துச் சிந்திக்கவில்லை.

அஞ்சல் சட்டத்தின் நிலை இன்னும் பலவீனமானது. தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் தவறான கைக்குப் போனாலும் அரசுக்குப் பொறுப்பில்லை என்று 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூன் 18இல் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் புதிய அஞ்சல் சட்டமும் 10ஆம் பிரிவில் ஏறக்குறைய அதே நிலையில் நிற்கிறது: விதிகளில் வகுத்த அளவுக்கு மேல் பொறுப்பில்லை, மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்தாலன்றி ஊழியருக்கும் பொறுப்பில்லை. நூற்றிருபத்தைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பின் திருத்தி எழுதப்பட்ட ஒரு சட்டத்திடம் இதைவிட அதிகம் எதிர்பார்ப்பது நியாயம்.

இதனோடு 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தைச் சேர்த்துப் படித்தால் முரண் தெளிவாகும். சரியான முகவரியோடு பதிவுத் தபாலில் அனுப்பினால் அது சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்கிறது அதன் 27ஆம் பிரிவு. காசோலை வழக்கு அறிவிப்புகளுக்கும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2007இல் அலவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அறிவிப்பு கிடைக்கவில்லை என்பவர் நீதிமன்ற அழைப்பாணை கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் கட்டித் தப்பலாம் என்று ஒரு கதவையும் திறந்துவைத்தது. அனுமானம் மறுக்கத்தக்கதே, ஆனால் மறுத்து நிறுவும் சுமை பெறுநருடையது. ‘வீடு பூட்டி’, ‘ஆள் இல்லை’, ‘வாங்க மறுப்பு’ ஆகிய குறிப்புகள் ஒவ்வொன்றும் சட்ட விளைவு உடையவை. முழங்கால் சேற்றில் உள்ளே போக முடியவில்லை என்ற உண்மையை அவற்றில் எதுவும் தாங்காது. கடிதம் சேர்ந்ததாக ஒரு சட்டம் கருதுகிறது. சேராததற்குப் பொறுப்பில்லை என்று இன்னொரு சட்டம் விலகுகிறது. இரண்டின் சுமையும் கொட்டாயில் இருப்பவர் தலையில் இறங்குகிறது. தனித்தனியே இரண்டுக்கும் காரணம் உண்டு. சேர்ந்து நிற்கையில் ஒத்திசைவு இல்லை.

முகவரிச் சீர்திருத்தங்களும் இதே எடைக்கு உரியவை. 1972 ஆகஸ்ட் 15இல் வந்த அஞ்சல் குறியீட்டு எண், ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் நேரும் குழப்பத்தைத் தீர்த்தது. நல்லூர் என்ற பெயருடைய ஊர்கள் எத்தனை என்பதைத் தமிழர் அறிவோம். 2025இல் அறிமுகமான டிஜிபின், சுமார் நான்கு மீட்டர் சதுரத்துக்கு ஒரு குறியீடு தந்து கொட்டாயின் வாசலையே சுட்டுகிறது. இரண்டும் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் அவை வீட்டை அறிகின்றன, வழியை அறிவதில்லை.

ஊராட்சிகள் சட்டம் மூன்றில் மிகத் தெளிவானது. கிராமத்தின் பொதுச் சாலைகளை அமைப்பதும் பழுதுபார்ப்பதும் ஊராட்சியின் கடமை என்று 110ஆம் பிரிவு ஐயமின்றிச் சொல்கிறது. புலப்படத்திலும் ‘அ’ பதிவேட்டிலும் வண்டிப்பாதை புறம்போக்கு என்றிருந்தால் வாதத்துக்கே இடமில்லை. பட்டா நிலம் என்றிருந்தால் அந்தத் தெளிவே கதவடைக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006இல் முதற்கட்டமாக வந்த மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. கிராவல் பாதைகள் பல அதில் உருவாயின. தனியார் பாதை ஊராட்சியின் பணிப் பட்டியலில் ஏற வேண்டுமானால் முதலில் ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். தானம் பராமரிப்பைக் கேட்கும் உரிமையைத் தருகிறது, பராமரிப்பையே உறுதிசெய்வதில்லை. பாதையின் மேலிருந்த அதிகாரம் போய்விடும். நிதி வரும்வரை குழி அப்படியே கிடக்கும்.

நம் மரபில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஏரியையும் வாய்க்காலையும் பயனாளிகளே காத்த குடிமராமத்து, பங்கைத் தனிமனித விருப்பத்துக்கு விடாமல் வழக்கமாக்கியது. அதன் வலிமை அந்த நிரந்தரம். அதன் களங்கம், உழைப்பின் பாரம் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் பெரிதும் விழுந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அந்த வழக்கத்துக்கு அரசின் கையையும் சேர்த்தது. நிரந்தரத்தை ஏற்று, கட்டாயத்தை விலக்கி, பங்கைப் பயனால் அளப்பதே நாம் கொள்ளத்தக்க திருத்தம்.

பயனை அளக்க முடியாது என்ற மறுப்பு நிற்காது. உடன்பாடு இல்லாத இடத்தில் அவரவர் பயன்பாட்டு விகிதப்படி செலவைப் பகிர வேண்டும் என்கிறது கலிஃபோர்னியக் குடிமைச் சட்டத்தின் 845ஆம் பிரிவு. பின்லாந்தின் தனியார் சாலைச் சட்டம் 2019 முதல் நடப்பில் உள்ளது. அங்கே பாதையோரத்தார் ஒரு சாலைக் குழுவாக அமைந்து, ஓடும் எடையையும் தூரத்தையும் வைத்து அலகு கணக்கிட்டுப் பங்கு கட்டுகிறார்கள். எடையைக் கணக்கில் எடுப்பதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. 1958 முதல் 1960 வரை இல்லினாயில் நடந்த சாலைச் சோதனை, அச்சின் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று காட்டியது. அது தளமிட்ட சாலையில் கண்ட முடிவு. கிராவலுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. எனினும் வீட்டுக்கு ஒரு சமபங்கு என்ற பழக்கம் எளிமையானதே தவிர நியாயமானதல்ல என்பதை அது நிறுவுகிறது.

தீர்ப்புக்கு வருவோம். தெளிவில் ஊராட்சிகள் சட்டம் முதலிடம், எட்டும் தூரத்தில் கடைசி இடம். உரிமையை வகுத்ததில் வசதியுரிமைச் சட்டம் சிறந்தது, பராமரிப்பில் தோல்வி. அஞ்சல் துறையின் நடைமுறை மூன்றிலும் உயர்ந்த சாதனை. அதன் சட்டம் மூன்றிலும் குறைந்த பொறுப்புணர்வு. பராமரிப்பு விதி இல்லாத வழியுரிமை அரைகுறை உரிமை. விடையளிக்கக் கடமைப்படாத விநியோகம் அரைகுறைக் கடமை. சட்டமன்றம் பயன்பாட்டு விகிதத்தை எழுதட்டும். அஞ்சல் விதிகள் பாதை கெட்ட காரணத்தைத் தனிக் குறிப்பாக ஏற்று, அந்தக் குறிப்புள்ள தபாலுக்குச் சேர்ந்ததாகக் கொள்ளும் அனுமானத்தை விலக்கட்டும்.

அதுவரை காட்டுக்கொட்டாய்க்காரர்களுக்கு உள்ள நேரிய வழி ஒன்றுதான்: பங்கு, பொறுப்பாளர், மழைக்கு முன் வேலை முடிக்க வேண்டிய மாதம் ஆகியவற்றை எழுதிப் பதிவுசெய்த உடன்பாடு. வாய்ப்பேச்சு அடுத்த விற்பனையோடு செத்துவிடும். ஒப்பந்தத்தை அறியாமல் விலைகொடுத்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. பதிவான பத்திரம் வில்லங்கச் சான்றில் தெரியும்; அறியேன் என்ற வாதம் எடுபடாது. இந்த ஒரு பத்திரம், மூன்று சட்டங்களும் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறது. அந்த அளவில் அது மூன்றையும்விட மேலானது.