வோல்ட்டைக் காட்டி டார்க்கை மறைக்கும் ஜெனரேட்டர்கள்

பெட்ரோலும் வேண்டாம், ஈபி பில்லும் வேண்டாம், வீட்டிலேயே கரண்ட் தயாரிக்கலாம் என்று சொல்லும் தமிழ் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: ஒரு மோட்டார், பெல்ட், கனமான ஃப்ளைவீல், ஒரு ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டர் தரும் கரண்ட்டே மோட்டாரைத் திரும்ப ஓட்டுமாம். மீட்டரில் 230 வோல்ட் தெரியும், ஒரு 9 வாட் பல்பு எரியும். அத்தோடு வீடியோ முடிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கமெல்லாம் வெள்ளமும் நின்றது, நாள்கணக்கில் கரண்ட்டும் இல்லை. அந்த மாதிரி இருட்டில் உட்கார்ந்தவங்க இதை நம்பி கையில் இருக்கிற காசைக் கொட்டக்கூடாது. அதனால்தான் இந்த விமர்சனம்.

வோல்ட் என்பது பவர் இல்லை. லோடு இல்லாமல் சுற்றினால் சின்ன ஆல்டர்னேட்டர்கூட 230 காட்டும். லோடு போட்டதும் காயிலில் கரண்ட் ஓடும், அது காந்தத்தைப் பின்னோக்கி இழுக்கும், தண்டு கனமாகும். அந்த எதிர்ப்பை மீறித் திருப்பும் முறுக்குவிசைதான் டார்க். கணக்கு எளிது: டார்க்கை நியூட்டன் மீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மால் பெருக்கி, 9.55-ஆல் வகுத்தால் வாட்.

1,500 ஆர்பிஎம்மில் 1,000 வாட் வேண்டும், ஆல்டர்னேட்டரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தண்டுக்குள் 1,430 வாட் போகணும். அதாவது சுமார் 9.1 நியூட்டன் மீட்டர். ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் 3 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் திருகல் அது. அதை நொடிக்கு 25 சுற்று வேகத்தில், விடாமல் யாராவது தரணும்.

பெரிய புல்லி போட்டால் டார்க் கூடும், வேகம் அதே அளவு குறையும். பவர் கூடாது. ஃப்ளைவீல் சேமித்து வைக்கும், உண்டாக்காது. 20 கிலோ எடை, அரை மீட்டர் விட்டம் உள்ள தட்டு 1,500 ஆர்பிஎம்மில் வைத்திருப்பது சுமார் 7,700 ஜூல். 1,000 வாட் லோடுக்கு 8 நொடிகூடத் தாங்காது. 1 எச்பி மோட்டார் ஏறக்குறைய 1,000 வாட் இழுத்து 746 வாட் தரும். பெல்ட், ஆல்டர்னேட்டர் நஷ்டம் போக மிஞ்சுவது 500 வாட். பாதியை வைத்து முழுசை எப்படி ஓட்டுவது?

வீட்டில் செய்த ஜெனரேட்டரே வீண் என்று சொல்லவில்லை. 1990-களில், போரும் தடையும் இருந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மக்கள் சைக்கிளை நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். டைனமோ தருவது சுமார் 3 வாட், ரேடியோவுக்கு அது போதும். தேவையும் உழைப்பும் பொருந்தியதால் வேலை செய்தது. நல்ல உடம்புள்ள ஆள் தொடர்ந்து மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை வரும், அதிலும் நஷ்டம் கழியும்.

வெள்ள நாளுக்கு என்ன தேவை? 30 வாட் பிஎல்டிசி ஃபேன், 2 பல்பு, போன் சார்ஜ், மொத்தம் 60 வாட்டுக்குள். முன்கூட்டியே சார்ஜ் செய்த 100 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரியில் பாதியை எடுத்தாலே கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஓடும்.

அடுத்த வீடியோவைப் பார்க்கும்போது ரெண்டே கேள்வி கேளுங்க: முழு லோடில் எத்தனை வாட் வெளியே வருது? உள்ளே தண்டைத் திருப்புறது யார்? பதில் இல்லையென்றால் அது ஜெனரேட்டர் இல்லை, வேடிக்கை.