டிராகன் ஜாடியும் பழமை மயக்கமும்

சீன வெண்கல ஜாடி ஒன்றைக் கண்டதும் பலரும் முதலில் வினவுவது, “எத்தனை ஆண்டுப் பழமை?” என்பதே. கலைப்பொருளை ஆண்டுக் கணக்கால் எடைபோடும் இவ்வழக்கம் சீனக் கலையைப் பொறுத்தவரை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். மிங் பேரரசர் சுவாந்தேயின் (1426–1435) ஆட்சி முத்திரையைத் தாங்கிய வெண்கலங்களுள் மிகப் பல, நெடுநாள் பின்னர்ச் சிங் வமிசக் காலத்தில் வார்க்கப்பட்டவை. இதனை வெறும் மோசடி என்று தள்ளிவிடவும் இயலாது. பண்டை வடிவைப் படியெடுத்தல் சீனரிடையே பெருமைக்குரிய மரபு. சோங் காலத்திலேயே, 1092-இல், லூ தாலின் என்னும் அறிஞர் பழங்கலங்களைப் படங்களோடு தொகுத்து நூலாக்கினார். களிம்பையும் அவர்கள் போற்றினர். நம் இல்லத்தரசியர் புளியிட்டுத் துலக்கி அகற்றும் அந்தப் பச்சையை, அங்கே செயற்கையாக ஏற்றவும் கற்றனர்!

ஆகவே நாம் கேட்கத்தக்கது வேறொன்று: டிராகன் அந்த ஜாடியில் என்ன செய்கிறது?

ஷாங் காலக் கலங்களை நோக்குவோம். 1976-இல் ஆன்யாங்கில் கண்டறியப்பட்ட அரசி ஃபூ ஹாவின் கல்லறையில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் கிடைத்தன, ஏறத்தாழ கி.மு. 1200-ஐச் சார்ந்தவை. அக்காலக் கன்னார் நம் சோழர்காலச் சிற்பியரைப் போல மெழுகில் உருச் செய்தாரல்லர். களிமண் அச்சினைத் துண்டுகளாக வெட்டியெடுத்து, மீண்டும் பொருத்தி, இடைவெளியில் உலோகத்தை வார்த்தனர். அச்சுத் துண்டுகள் சேரும் கோடே அலங்காரத்துக்கு எல்லையாயிற்று. பக்கவாட்டில் நிற்கும் ஒற்றைக்கால் டிராகன் அவ்வெல்லைக்குள் அடங்கும். இரண்டு டிராகன்கள் எதிரெதிர் நின்றாலோ, நடுவே உற்று நோக்கும் கொடுமுகம் ஒன்று பிறக்கும். கலத்தையும் விலங்கையும் அங்கே பிரிக்க முடியாது.

பிற்கால ஜாடிகள் பலவற்றில் டிராகன் கழுத்தைச் சுற்றிப் புடைத்தெழுந்து, முத்தொன்றைத் துரத்துகிறது. (‘பறவை நாகம்’ என்று சிலர் மொழிபெயர்ப்பது பொருந்தாது, சீன டிராகனுக்குப் பெரும்பாலும் சிறகில்லை.) செதில், மீசை, நகம் யாவும் வியக்கத்தக்க நுட்பம். ஆயினும் கண் டிராகனிடமே நின்றுவிட, ஜாடி அதற்குப் பீடமாகத் தாழ்ந்துபோகிறது. மழைக்கும் நீர்நிலைக்கும் உரிய தெய்வ விலங்கு, வரவேற்பறைக்கான நகையாகக் குறுகிவிட்டது என்பது என் துணிபு. விலை மிகுதியானது என்பதால் இக்குறை நீங்கிவிடாது.

எனினும் பிற்கால ஜாடிகள் அனைத்தையும் ஒதுக்குவேனல்லேன். டிராகனே கைப்பிடியாக வளைந்து, வாயால் விளிம்பைக் கவ்வி, கழுத்தையும் தோளையும் இணைத்து நிற்கும் ஜாடிகளும் உண்டு. அங்கே விலங்கை நீக்கினால் ஜாடியைத் தூக்க இயலாது.