ஆட்ட நேரத்தை யார் குறிப்பது?

2018 ஏப்ரல் 16, திங்கட்கிழமை இரவு. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மைன்ஸ் – ஃப்ரைபுர்க் ஆட்டம். முதல் பாதி முடிந்து விசிலும் ஊதியாகிவிட்டது. வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது வீடியோ நடுவர் ஒரு ஹேண்ட்பாலைக் கண்டு சொல்ல, உள்ளே போன ஃப்ரைபுர்க் வீரர்களைத் திரும்பக் கூப்பிட்டு, மைன்ஸுக்கு பெனால்டி கொடுத்தார் களநடுவர். கோலும் விழுந்தது. மறுநாள் உலகமெங்கும் இந்த இடைவேளை பெனால்டியைப் பற்றித்தான் பேச்சு.

அதே இரவில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. இரண்டாம் பாதியைக் குறித்த நேரத்தில் தொடங்க முடியவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற மைன்ஸ் ரசிகர்கள் டாய்லெட் பேப்பர் சுருள்களை அள்ளி வீசி, புல்தரையை வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். பெனால்டி கிடைத்ததே அவர்களுடைய அணிக்குத்தான். நடுவர் மேல் அவர்களுக்கு வருத்தமில்லை. ஆட்டத்தைத் திங்கட்கிழமை வைத்ததுதான் கோபம்.

ரசிகரின் வாழ்க்கையில் விளையாட்டுக்கு என்ன இடம் என்று கேட்டால் வெறி, பாசம், பக்தி என்று பேச ஆரம்பித்துவிடுகிறோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆட்டம், அதை முடிவுசெய்வது யார் என்று கேட்டால் போதும்.

மில் சங்கும் மூன்று மணி ஆட்டமும்

இங்கிலாந்தில் கால்பந்து என்றால் சனிக்கிழமை மாலை மூன்று மணி. இந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தது பஞ்சாலை. ஜவுளி ஆலைகளில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று 1850-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது. ஆகவே ஆண்களுக்கும் வேலை அத்தோடு முடிந்தது. மில் சங்கு ஊதியதும் வெளியே வந்து, கைகால் கழுவி, ஒரு வாய் சாப்பிட்டு, நடந்தே மைதானத்துக்குப் போனால் மணி மூன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு, கேளிக்கைக்குக் கிடைத்தது அந்த அரை நாள்தான்.

1883 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், சீமான் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை பிளாக்பர்ன் ஒலிம்பிக் வீழ்த்தியது. ஜெயித்த அணியில் நெசவாளிகளும் நூற்பாலைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். 1888-ல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கிளப்புகளில் ஆறு லங்காஷயர், ஆறு மத்திய இங்கிலாந்து. லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆலை இருந்த ஊரில் லீக் பிறந்தது. மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே தொழிலாளர்களின் கிளப்பாகத் தொடங்கியது. ஆர்சனலின் வேர் ஆயுதத் தொழிற்சாலையில். வெஸ்ட் ஹாமின் வேர் கப்பல் கட்டும் பட்டறையில். ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பின் பெயரிலேயே புதன்கிழமை இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களுக்கு அரை நாள் விடுப்பு புதன்கிழமை.

ஆட்டம் 90 நிமிடத்தில் முடிந்துவிடும், சனிக்கிழமை முடியாது. வானொலி வந்த பிறகு, ஐந்து மணிக்கு அதில் முடிவுகள் வாசிப்பார்கள். அப்பாவின் கையில் பூல்ஸ் என்ற பந்தயச் சீட்டு. எந்தெந்த ஆட்டம் டிரா ஆகும் என்று முன்கூட்டியே குறித்து அனுப்பியதன் நகல். வாசித்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. இருட்டுவதற்குள் பச்சைத் தாளிலோ ரோஸ் தாளிலோ அச்சான விளையாட்டுச் சிறப்பிதழ் தெருமுனைக்கு வந்துவிடும். சற்றுமுன் பார்த்த ஆட்டத்தையே அதில் மறுபடி படிப்பார்கள். 1963 குளிர்காலத்தில் பனி உறைந்து வாரக்கணக்கில் ஆட்டங்கள் தள்ளிப்போயின. பூல்ஸ் நிறுவனங்கள் ஒரு குழுவை உட்கார வைத்து, நடக்காத ஆட்டங்களுக்கும் முடிவு அறிவித்தன. ஆட்டம் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை நடந்தாக வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி வந்த பிறகு

இந்தச் சனிக்கிழமையைத் தொலைக்காட்சி தின்றுவிடும் என்று முதலில் பயந்தவர்கள் கிளப் முதலாளிகளே. பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்டு 1960-களில் வற்புறுத்தியதன் விளைவு, சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இங்கிலாந்தில் கால்பந்து நேரலை கிடையாது என்ற கட்டுப்பாடு. அது இன்றும் இருக்கிறது. பெரிய ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியுமென்றால், கீழ்நிலை லீக்கில் ஆடும் உள்ளூர் அணிக்கு யார் வருவார்கள் என்பது அவர் வாதம்.

கட்டுப்பாடு அப்படியே நிலைத்தது, ஆட்டங்கள்தான் நகர்ந்தன. 1992-ல் பிரீமியர் லீக் தொடங்கி ஸ்கை தொலைக்காட்சிப் பணம் கொட்ட ஆரம்பித்ததும், நேரலைக்குத் தேர்வான ஆட்டங்கள் ஞாயிறு மாலைக்கும் திங்கள் இரவுக்கும் போயின. நியூகாசிலிலிருந்து லண்டன் சுமார் 450 கிலோமீட்டர். இரவு எட்டு மணி ஆட்டம் முடியும்போது பத்து மணி. அதற்கு மேல் ஊர் திரும்ப ரயில் இல்லை. திங்கட்கிழமை பிற்பகலும் செவ்வாய்க்கிழமை காலையும் விடுப்பு எடுக்க முடிந்தவர்தான் தன் அணியோடு போக முடியும். டிக்கெட் விலை ஏறாமலேயே ஏழை ரசிகரை வெளியே நிறுத்துவதற்கு இது ஒரு வழி.

ரசிகர் வராவிட்டால் என்ன, தொலைக்காட்சிப் பணம்தான் வருகிறதே என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஆட்டக் களத்திலிருந்தே பதில் கிடைத்தது. கொரோனா காலத்தில் பெரும்பாலும் காலி கேலரிகளின் முன்னால் நடந்த 2020–21 பிரீமியர் லீக் பருவத்தைப் பாருங்கள். 380 ஆட்டங்களில் சொந்த மைதான அணி ஜெயித்தது 144. வெளியூர் அணி ஜெயித்தது 153. இங்கிலாந்தின் முதல்நிலை லீக் வரலாற்றில் வெளியூர் வெற்றிகள் மிஞ்சியது அதுவே முதல்முறை. ஆடுகளம் அதே, வீரர்கள் அவர்களே. இல்லாதது கேலரியின் சத்தம். சொந்த மைதான அனுகூலம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு டிக்கெட் வாங்கி வந்தவருடையது என்றே அதைப் படிக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் லிவர்பூல் ரசிகர்கள் இதை இன்னும் பச்சையாகக் காட்டினார்கள். அதிகபட்ச டிக்கெட் விலையை 77 பவுண்டுக்கு உயர்த்துவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77-வது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் எழுந்து நடையைக் கட்டினார்கள். அப்போது லிவர்பூல் 2–0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும்போது 2–2. சில நாள்களிலேயே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையேற்றத்தைக் கைவிட்டார்கள்.

வாக்குள்ள ரசிகர்

ஜெர்மனிக்கு வருவோம். திங்கட்கிழமை ஆட்டத்துக்கு அங்கே சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது: வியாழக்கிழமை ஐரோப்பிய கோப்பையில் ஆடிய அணிகளுக்கு ஓய்வு வேண்டும். பருவத்துக்கு ஐந்தே ஆட்டங்கள். 2017–18-ல் அமலுக்கு வந்தது. ஃப்ராங்ஃபர்ட்டில் முதல் எதிர்ப்பு வெடித்தது. டென்னிஸ் பந்துகள் மைதானத்தில் மழையாய்ப் பெய்தன. அடிபட்டாலும் யாருக்கும் வலிக்காது, பொறுக்கி எடுக்காமல் ஆட்டத்தையும் தொடங்க முடியாது. அடுத்த வாரம் டார்ட்மண்டில் பல்லாயிரம் ரசிகர்கள் வரவே இல்லை. 81,000 பேர் நிறையும் அரங்கில் 54,300 பேர். புகழ்பெற்ற தெற்கு கேலரி ஓட்டை ஓட்டையாய்க் கிடந்தது. 2018 நவம்பரில் லீக் பணிந்தது: 2021–22 முதல் பண்டஸ்லிகாவில் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது.

அங்கே மட்டும் இது எப்படி நடந்தது? ஜெர்மன் ரசிகருக்கு நம்மைவிடத் தொண்டை பெரிது என்பதல்ல காரணம். ‘50+1’ என்ற விதி இருக்கிறது. கிளப்பில் எவ்வளவு பணம் போட்டாலும், சில விதிவிலக்குகள் தவிர, வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். சந்தா கட்டிய தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் தலைவரை மாற்ற முடியும். 2021 ஏப்ரலில் 12 பணக்கார கிளப்புகள் சேர்ந்து தனியாக ஓர் ஐரோப்பிய சூப்பர் லீக் அறிவித்தபோது அதில் ஜெர்மன் கிளப் ஒன்றுகூட இல்லை. ஆறு ஆங்கிலேய கிளப்புகள் சேர்ந்தன. ரசிகர்கள் தெருவுக்கு வந்ததும் இரண்டே நாளில் ஆறும் கழன்றன. இங்கிலாந்தில் தெருவுக்கு வந்து தடுத்ததை ஜெர்மனியில் விதி முன்கூட்டியே தடுத்தது. 2024 பிப்ரவரியிலும், ஒளிபரப்பு வருவாயில் வெளி முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்தை ஜெர்மன் லீக் கைவிட்டது. அதற்கு முன் வாரக்கணக்கில் மைதானங்களில் டென்னிஸ் பந்துகள்.

நம் ஊர்க் கணக்கு

இதெல்லாம் நமக்குப் புதிதா? பொங்கலையொட்டி ஊர் ஊராக ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று தட்டி வைக்கிறார்களே, அது ஏன் இரவில்? பகலில் வேலை இருக்கிறது. கேரளத்தின் மலப்புரத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மழைக்காலம் தாண்டிய மாதங்களில், தற்காலிக கேலரி கட்டி, இரவில் நடப்பதும் இதே கணக்கில்தான். கமிட்டிக்காரர் அதே ஊர்க்காரர். யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார், யாருக்கு விடியற்காலையில் வயலுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

சேப்பாக்கத்தில் நேரம் குறிப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை ஐந்து பருவங்களுக்கு 48,390 கோடி ரூபாய். அந்தப் பணம் பெரும்பாலான ஆட்டங்களுக்கு இரவு 7.30-ஐக் குறித்துவிட்டது. ஆட்டம் முடிய பதினொன்றேகால், பதினொன்றரை ஆகும். டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்திலும் மெட்ரோவிலும் கட்டணமில்லாமல் போக அண்மை ஆண்டுகளில் ஏற்பாடு செய்தார்கள். மெட்ரோவைக் கூடுதல் நேரம் ஓட்டுகிறார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டும். ஆனால் விழுப்புரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்தவருக்குப் பேருந்து கிளாம்பாக்கத்தில். சேப்பாக்கத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மெட்ரோ விமான நிலையத்தோடு நின்றுவிடும். கடைசி ஓவரைப் பார்ப்பதா, பேருந்தைப் பிடிப்பதா என்று பதினெட்டாவது ஓவரிலேயே கேலரியில் கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது.

இந்தியாவில் ரசிகர் குரல் எடுபடாது என்றும் சொல்லிவிட முடியாது. 2020-ல் ஏ.டி.கே. கால்பந்து அணியோடு இணைந்தபோது கொல்கத்தா கிளப்பான மோகன் பகானின் பெயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டது. கொல்கத்தா ரசிகர்கள் மூன்றாண்டு விடாமல் எதிர்த்தார்கள். 2023-ல் அது போனது. நமக்கு வாக்கு இல்லை. தலைமுறை தலைமுறையாய் வந்த பிடிவாதம் இருந்தால் கொஞ்சம் நடக்கும்.

கிரிக்கெட் வாரியத்திடமும் அணி உரிமையாளர்களிடமும் 50+1 கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே சின்னதாகவே கேட்போம். ஒவ்வோர் ஊரிலும் பருவத்துக்கு இரண்டு ஆட்டமாவது ஞாயிறு பிற்பகலில் வையுங்கள். இரவு ஆட்டத்தன்று மைதான வாசலிலிருந்தே வெளியூர்ப் பேருந்து விடுங்கள். அட்டவணை போடும் மேசையில் டிக்கெட் வாங்குகிறவர்கள் சார்பில் ஒருவருக்கு நாற்காலி போடுங்கள். கேலரியின் சத்தத்தைத்தான் ஒளிபரப்பில் விற்கிறீர்கள். அந்தச் சத்தம் போட்டவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவது உங்கள் பொறுப்பு.