நாலு கம்பியும் ஒரு நிலாவும்

அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மொய்க் கவரைக் கொடுத்துவிட்டுப் பந்திக்கு நகர்வதற்குள் மேடையில் ‘இளைய நிலா’வை ஆரம்பித்துவிட்டார்கள். நின்றுவிட்டேன். பாடிய பையனுக்கு நல்ல குரல். கிட்டாரிலும் பிசகில்லை. இருந்தும் பாட்டு ஒட்டவில்லை. எங்கே உதைக்கிறது?

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) நம்ம ஊர் கோவைத்தம்பி தயாரித்த படம். அந்தப் பாட்டில் எஸ்.பி.பி.யையும் கிட்டாரையும் எல்லோரும் சிலாகித்தாயிற்று. அடுத்த தடவை கேட்கும்போது, தயவுசெய்து அடியில் போகிற பேஸ் கிட்டாரின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். தாளத்துக்குத் தலையாட்டுகிற ஆள் இல்லை அது. தன் போக்கில் தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகிறது. இளையராஜா குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். மெல்லிசைக் குழுக்கள் அவரை ஸ்வரம் ஸ்வரமாகக் காப்பியடிக்கிறார்கள். ஒலியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கும் அதேதான். ஸ்வரம் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொன்றும் எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி ‘டொய்ங்’. விரல் நகர்ந்தால் ‘கிறீச்’.

இடைவேளையில் பேஸ் வாசித்த தம்பியிடம் போனேன். பகலில் கணபதியில் மோட்டார் வைண்டிங் வேலையாம். “புதுக்கம்பிங்க சார், நேத்துத்தான் மாத்தினேன்” என்றார் பெருமையாக. அங்கேதான் கோளாறு.

பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு 41 தடவை அதிர வேண்டும். (நம் வீட்டுக் கரன்ட்டே 50!) அவ்வளவு தாழ்ந்த சுதிக்குக் கம்பி கனமாக இருக்க வேண்டும். கனத்துக்காக ஒரே தடிக்கம்பியாகப் போட்டால் அது தடி மாதிரி விறைத்துக்கொள்ளும். மேல் ஸ்வரங்கள் சுதி விலகும். அதனால் நடுவில் மெல்லிய எஃகுக் கம்பி, அதன்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். கனம் ஏறும், நெளிவு போகாது. வைண்டிங் தம்பிக்கு இதை விளக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நடுக்கம்பி அறுகோணமாக இருந்தால் சுற்று அதன் முனைகளில் கவ்விப் பிடிக்கும். விரலுக்கு விறைப்பு, காதுக்குத் துல்லியம். உருண்டையாக இருந்தால் இன்னும் இளக்கம். ஆனால் நுனியை மடக்காமல் வெட்டினால் சுற்று உருவிக்கொண்டு போய்விடும், காசும் போச்சு.

மேலே சுற்றுவது உருண்டைக் கம்பி என்றால் ‘ரவுண்ட்வவுண்ட்’. பளிச்சென்ற, நீண்டு நிற்கும் நாதம். வரிவரியான மேடுபள்ளம்தான் விரல் உரசும்போது கிறீச்சிடுகிறது. கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ‘ஸ்லாப்’புக்கு இதுதான் லாயக்கு. ரிப்பன் மாதிரித் தட்டையான கம்பியைச் சுற்றினால் ‘ஃப்ளாட்வவுண்ட்’. வழவழப்பு. பேச்சு சுருக்கம், ‘தும்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். 1966-ல் இங்கிலாந்தில் ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசிலோடு சேர்ந்து ரோட்டோசவுண்ட் கம்பெனி உருண்டைச் சுற்றைப் பிரபலமாக்கும்வரை, பெரும்பாலும் தட்டைதான் ஆட்சி.

புதுசின் பளபளப்பும் ரொம்ப நாள் நிற்காது. பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் புகுந்துகொள்ளும். சிக்கனக்காரர்கள் கம்பியைக் கழற்றி, வெந்நீரில் கொதிக்கவைத்து மறுபடி மாட்டுவார்கள். இதற்கு நேர் எதிர், டெட்ராய்ட் மோடவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன். கனமான தட்டைக் கம்பி. அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். அழுக்கேறிய அந்த நாலு கம்பியில்தான் அறுபதுகளின் அமெரிக்காவே ஆடியது.

‘இளைய நிலா’வுக்கு வேண்டியது அந்த அடக்கம். பேஸ் கீழே நடக்கலாம், பாடகரின் தோள்மேல் ஏறக்கூடாது. ஒரு ஸ்வரம் முடிந்தால்தான் அடுத்தது காதில் விழும். முன்னது ரீங்கரித்துக்கொண்டே இருந்தால் மெட்டு குழம்பி வெறும் சத்தமாகிவிடும். புதுக் கம்பி அதைத்தான் செய்தது.

“தட்டைக் கம்பி விலை ஜாஸ்திங்க சார்” என்றார். நியாயம். பந்தியில் மேஜை துடைக்கிற ஸ்பாஞ்சில் புதிதாக ஒன்றை வாங்கி, ஒரு துண்டு கிழித்து, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகச் சொன்னேன். என் கண்டுபிடிப்பில்லை, ஃபெண்டர் கம்பெனியே பழைய பேஸ்களில் பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்ச் வைத்துத்தான் விற்றது. டோன் திருகையும் குறைத்தோம். தம்பி நாலு ஸ்வரம் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “அட, கேசட்ல கேக்கறாப்ல இருக்குதுங்க!”

அடுத்த பாட்டில் பேஸ் அழகாகக் கீழே இறங்கி நடந்தது. பாடகர் குரல் திடீரென்று பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. சரணம் முடியவில்லை, பொண்ணுக்குச் சித்தப்பா முறையாம், மேடையோரம் வந்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, சவுண்டு செத்துப்போச்சே! மொதல்ல டொய்ங்குனு கணீர்னு கேட்டுதில்ல, அதையே வையுங்க.”

தம்பி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்பாஞ்சை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.