படம் வந்த பிறகு குரலுக்கு என்ன வேலை?

1975 மார்ச், கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கி. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும். மலேசியாவின் கெமாஸ் பக்கத்துத் தோட்டத் தமிழர்களுக்கு இதைவிடச் சங்கடமான ஆட்டம் உண்டா? இந்தப் பக்கம் ஸ்ரீ சண்முகநாதன், மகேந்திரன். அந்தப் பக்கம் தாத்தா கப்பலேறி வந்த நாடு. மலேசியா 2-1 என்று முந்தி நிற்க, முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், இந்தியாவின் மாற்று ஆட்டக்காரர் அஸ்லம் ஷேர் கான் தாயத்தை முத்தமிட்டுப் பெனால்டி கார்னரை அடித்தார். கோல். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் இன்னொன்று போட, நம் கதை முடிந்தது. இறுதியில் பாகிஸ்தானையும் 2-1 என்று வென்று இந்தியா கிண்ணத்தைக் கொண்டுபோனது.

அந்த இறுதியாட்டத்தை வானொலியில் இந்தியில் சொன்னவர் ஜஸ்தேவ் சிங். 1948-இல் காந்தியின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ ஆங்கிலத்தில் வருணித்ததைக் கேட்டு, தானும் வருணனையாளராவேன் என்று தாயிடம் சொன்ன பையன் அவர். 1955-இல் ஜெய்ப்பூர் வானொலியில் சேர்ந்தார், பிறகு தூர்தர்ஷன். ஒன்பது ஒலிம்பிக், 2008-இல் பத்மபூஷண், 2018-இல் மறைவு.

வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போன எல்லாருக்கும் ஒரே சிக்கல். வானொலியில் பந்தோடு நாக்கும் ஓட வேண்டும். வாய் மூடினால் ஆட்டமே இல்லை. திரையிலோ, கண் பார்த்ததையே காதிலும் ஓதினால் எரிச்சல்தான் வரும். தொடக்கத்தில் மட்டும் இது பொருந்தவில்லை. 1939 மே 17 அன்று அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான பேஸ்பால் ஆட்டத்தில் பந்து திரையில் சரியாகத் தெரியவேயில்லை. வானொலிக்காரர் பில் ஸ்டெர்னின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

அடக்கிப் பேசத் தெரிந்தவர் என்றால் என் கணக்கில் அமெரிக்காவின் ஜிம் மெக்கே. பால்டிமோர் பத்திரிகை நிருபர், 1947-இல் தொலைக்காட்சிக்கு வந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் பிணைபிடிக்கப்பட்டபோது, மணிக்கணக்காக நேரலையில் உட்கார்ந்திருந்தார். பதினொருவரும் இறந்த செய்தியை அவர் கூவிச் சொல்லவில்லை. களைத்த குரலில், சின்னச் சின்ன வாக்கியங்களில் முடித்தார். ஆயிரம் கோல் கூச்சலுக்கு அது ஈடு.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. தோட்டத்து மன்றத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. கிராணிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. காற்பந்து வீரர் மொக்தார் டஹாரி பந்தை எடுத்தால் வருணனை மலாயில் பாயும்; லயத்துக் கிழவிக்கு அது தேவைப்படவில்லை, படம் போதும். தமிழில் விளையாட்டு சொன்ன பெயர்களைத் தேடினால் சென்னை வானொலிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. சேப்பாக்கத்திலிருந்து கிரிக்கெட் சொன்ன கூத்தபிரான், ராமமூர்த்தி, 2020-இல் மறைந்த அப்துல் ஜப்பார். ஜப்பாரின் தமிழைக் கேட்டவர்கள், ஆங்கிலத்தில் அந்த ருசி இல்லை என்பார்கள். நானும் அந்தக் கட்சி.

ஆனால் தோட்டத்துத் திடலில், ஒலிபெருக்கியைக் கட்டிவைத்து, தமிழும் மலாயும் கலந்து காற்பந்து சொன்னவர்களை எந்த நிலையமும் பதிந்ததாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படியொரு பழைய ஒலிநாடா கிடந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.