போருக்கும் போருக்கும் நடுவே: கந்தபுராணத்தின் பாசறைப் படலங்கள்

கந்தபுராணத்தைக் கற்பார் பலர், தாரகன் வதையைப் படித்தபின் ஏடுகளை விரைந்து புரட்டிச் சூரன் போருக்குச் சென்றுவிடுவர். நடுவிற் கிடக்கும் படலங்கள் அவர்க்கு வெறும் வழிநடைச் செய்தியாகவே தோன்றும். வென்ற படை மீண்டும் ஒன்றுகூடித் தன் அடுத்த பயணத்தை ஆராயும் அப்பகுதியை நீக்கிவிட்டால், காப்பியத்தில் எஞ்சுவது யாது? கொலைத்தொழில் ஒன்றே எஞ்சும் என்பது எமது கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கதைப்போக்கை நோக்குவோம். சூரபன்மனின் தம்பியாகிய தாரகனைத் தொடர்ந்து கிரவுஞ்ச மலையினுட் புகுந்த வீரவாகுவும் அவனுடன் சென்றோரும் மாயத்தால் மயங்கிக் கிடந்தனர். முருகன் விடுத்த வேல் தாரகனை மாய்த்து, மலையையும் பிளந்தது. மயங்கியவர் தெளிந்து தலைவனிடம் மீண்டனர். அடுத்த கணமே சூரன்மேற் படை செல்லவில்லை. தேவகிரியில் தங்குகின்றது. பின்னர்க் காசி, காளத்தி, காஞ்சி, தில்லை முதலாய தலங்களை வணங்கிச் செல்கின்றது. சேய்ஞலூரிற் சிவபூசை நிகழ்கின்றது. சுரங்கடந்து திருப்பரங்குன்றம் வழியாகத் திருச்செந்தூரை அடைகின்றது. உற்பத்தி காண்டம் அங்கே முடிகின்றது.

திருச்செந்தூரில் முருகன் முதலிற் கேட்பது படைக்கணக்கன்று, பகைவர் வரலாறு. அவர் பிறப்பும் தவமும் பெற்ற வரமும் யாவை என்று வினவ, வியாழபகவான் விரித்துரைக்கின்றார். அவ்வுரையே அசுர காண்டமாகும். எல்லாம் அறிந்த இறைவன் வினவுவானேன் என்று சிலர் கேட்கலாம். தலைவன் அறிந்தாற் போதாது; உடன் வந்தோரும் அறிதல் வேண்டும். தாம் எதிர்க்கப்போகின்றவன் அருந்தவஞ் செய்தவன், சிவனிடம் வரம்பெற்றவன் என்பதை உணர்ந்தபின்னரே அவர் படைக்கலம் ஏந்தவேண்டும் என்று கச்சியப்ப சிவாசாரியார் கருதினார் போலும். பகைவனின் பெருமையை அறியாது பெறும் வெற்றி செருக்கையே வளர்க்கும்.

அடுத்து நிகழ்வது தூதாராய்ச்சி. படையெடுக்குமுன் வீரவாகு தூதனாகின்றான். சிறையிலிருக்கும் தேவர்களை விடுவித்தால் வாழலாம் என்பதே அவன் கொண்டுசெல்லும் செய்தி. மகேந்திரபுரி புகுந்த வீரவாகு நேரே சூரனது அவைக்குச் செல்லவில்லை. இந்திரன் மகனாகிய சயந்தன் வருந்திக்கிடக்கும் சிறைக்கே முதலிற் செல்கின்றான்; அவனைத் தேற்றிய பின்னரே அவை புகுகின்றான். அரசனைக் காணுமுன் கைதியைக் கண்ட தூதன் இவன். திருச்செந்தூர்ப் பாசறையில் நிகழ்ந்த ஆராய்ச்சி யாருக்காக நிகழ்ந்தது என்பது இதனால் விளங்கும். அங்கே இருந்தோருக்காகவன்று, அங்கே வர இயலாதிருந்தோருக்காகவே அது நிகழ்ந்தது.

இதற்கு மறுதலையாகச் சூரனும் அவை கூட்டுகின்றான். தேவரை விடுவித்தலே தக்கது என்று தம்பி சிங்கமுகன் எடுத்துரைக்கின்றான். சூரன் அதனை ஏற்கவில்லை. ஆராய்ச்சி இருபாலும் நிகழ்ந்தது. ஒருபால் கேட்டறிவதற்கும், மறுபால் முன்னரே முடிந்த முடிவை உறுதிசெய்வதற்கும். போரின் முடிவு இவ்விடத்திலேயே தெளிவாகிவிடுகின்றது.

குறையில்லை என்று யாம் கூறமாட்டோம். வழிநடைப் படலத்தில் தலங்கள் நிரல்பட வருதல் கதையின் விரைவைத் தடுக்கின்றது. ஒரு வினாவுக்கு விடையாக ஒரு காண்டமே நீளுவதால், பாசறையிற் காத்திருக்கும் படையைக் கற்போர் மறந்துவிடவுங் கூடும். ஆயினும் விரைவு குறைவதனாலேயே சிந்தனைக்கு இடம் பிறக்கின்றது.

மேனாட்டு மாயக்கதை இலக்கியத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஒக்ஸ்போட் பேராசிரியர் டோல்கீன் எழுதிய 'த லோர்ட் ஒவ் த ரிங்ஸ்' என்னும் நெடுங்கதையின் இறுதிப் பாகம் 1955 இல் வெளிவந்தது. பெரும்போரொன்றில் வென்ற தலைவர்கள் கூடாரத்தில் ஒன்றுகூடுகின்றனர். படைவலியாற் பகைவனை வெல்லுதல் இயலாது என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். ஏறக்குறைய 7,000 பேருடன் பகைவன் வாயிலை நோக்கிச் செல்லத் துணிகின்றனர். பகைவனது கண் தம்மேல் விழுமாயின், அவன் நாட்டினுள் மறைந்து செல்லும் சிறியோன் புரோடோ தன் கடமையை முடிக்க வழிபிறக்கும் என்பதே அவர் எண்ணம். அவன் உயிரோடிருக்கின்றானா என்பதும் அவர்க்குத் தெரியாது. கந்தபுராணத்தில் தலைவன் வெல்வான் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலக் கதையில் ஐயமே மிகுதி. இவ்வேற்றுமை பெரிது. எனினும், கண்காணாத ஒருவனுக்காக அடுத்த பயணம் வகுக்கப்படுதல் இரண்டிற்கும் பொது.

கண்டியில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. எசல பெரஹராவில் நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்களோடு கதிர்காமத் தேவாலயமும் ஆண்டுதோறும் பங்குகொள்கின்றது. அக்காட்சியைக் காண்போர் கதிர்காமக் கடவுளின் வெற்றிப் பெருமையை நினைத்து மகிழ்வர். யுத்த காண்டத்தின் தொடக்கத்தில் முருகன் தங்கிய ஏமகூடமே கதிர்காமம் என்பது ஈழத்து மரபு. அம்மரபின்படி நோக்கினால், நம்மவர் காடுகடந்து யாத்திரை சென்றது போர்க்களத்துக்கன்று, பாசறைக்கே என்பது புலனாகும்.

ஆதலின் இனிக் கந்தபுராணம் கற்கும் மாணவர், தாரகன் வீழ்ந்தவுடன் ஏட்டைப் புரட்டாது சிறிது தங்குவாராக. தேர்விலோ வாழ்விலோ ஒரு வெற்றி பெற்றபின், அடுத்து எங்கே செல்வது என்று ஆராயும் வேளை அவர்க்கும் வரும். அப்போது சிறையிலிருக்கும் சயந்தன் யார் என்று கேட்கக் கற்றவரே இக்காப்பியத்தைக் கற்றவராவர்.